ஒரே ரத்தம்... பத்து ரேகை! விரல் நுனியில் விளையாடும் தற்செயல்

போனைத் திறக்கக் கட்டைவிரல். ரேஷன் கடையில் அரிசி வாங்கக் கட்டைவிரல். புது சிம் கார்டு வாங்கப் போனாலும் கட்டைவிரல். எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் அடையாளமாக ஒரு காலத்தில் பார்க்கப்பட்ட கைநாட்டு, இன்று டாக்டர் முதல் டீ மாஸ்டர் வரை எல்லோருக்கும் பொதுவான கையெழுத்தாகிவிட்டது.

அந்த ரேகையை வரைந்தது யார்? 'அம்மா, அப்பாவின் ஜீன்தான்' என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் சொல்லிவிடுவார்கள். அது பாதி சரி. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள ஒரு சின்ன சோதனை போதும். போன் டார்ச்சைப் போட்டு, பத்து விரல் நுனிகளையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். வீட்டுப் பெரியவர்கள் 'சக்கரம்' என்று சொல்லும் சுழி ஒரு விரலில் இருக்கலாம். 'சங்கு' என்று சொல்லும் வளைவு இன்னொன்றில் இருக்கலாம். எல்லாமே ஒரே வகையாக இருந்தாலும், வரிகள் எங்கே முடிகின்றன, எங்கே இரண்டாகப் பிரிகின்றன என்று கவனித்தால், எந்த இரண்டு விரலும் ஒத்துப்போகாது.

பத்து விரலுக்கும் ஒரே ஜீன். ஒரே தாய் வயிறு, ஒரே ரத்தம். பிறகு எப்படிப் பத்தும் பத்து விதம்?

அறிவியல் இதற்குச் சொல்லும் பதில், தற்செயல். அந்தத் தற்செயல் எப்படி வேலை செய்கிறது என்பதும், அது வரைந்துவைத்த ரேகை தேய்ந்துபோனால் ஒரு குடும்பத்துக்கு என்ன ஆகிறது என்பதும்தான் இந்த வாரக் கதை.

முன்வினையா, ரசாயன வினையா?

சிதம்பரத்திலிருந்து சீர்காழி வழியாக வைத்தீஸ்வரன்கோயிலுக்குப் போனால், கோயில் கோபுரத்தோடு சேர்ந்து கண்ணில் படுபவை நாடி ஜோதிட போர்டுகள். அங்கேயும் முதலில் கேட்பது கட்டைவிரல் ரேகையைத்தான். ஆண்களுக்கு வலது கை, பெண்களுக்கு இடது கை. ரேகையின் வகையைப் பார்த்து, அதற்குரிய ஓலைக்கட்டைத் தேடி எடுப்பார்கள். பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்டது விரலில் இருக்கிறது என்பது அங்கு வருபவர்களின் நம்பிக்கை.

ரேகை பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்டுவிடுகிறது என்பதை அறிவியலும் ஒப்புக்கொள்கிறது. எழுதியது எது என்பதில்தான் வழி பிரிகிறது. முன்வினை என்கிறது நம்பிக்கை. அறிவியலும் 'வினை' என்றுதான் சொல்கிறது. ஆனால், அது கெமிஸ்ட்ரி புத்தகத்தில் வரும் ரசாயன வினை.

இரண்டு ரசாயனங்கள் ஒன்றோடொன்று வினைபுரிந்துகொண்டே பரவும்போது, யாரும் வரையாமல் தானாகவே கோடுகளும் புள்ளிகளும் தோன்றும். ஆங்கிலத்தில் இதை 'ரியாக்‌ஷன் டிஃப்யூஷன்' என்பார்கள். தமிழில் வினை-விரவல். விரவல் என்றால் பரவிக் கலப்பது.

போத்தனூரில் பிறந்தவரின் மகன்

இந்தக் கணக்கை உலகுக்குச் சொன்னவர் ஆலன் டூரிங். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனியின் ரகசியச் செய்திகளை உடைக்க உதவியவர், கம்ப்யூட்டர் அறிவியலின் தந்தை என்று போற்றப்படுபவர். அவருக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. டூரிங்கின் அம்மா ஏதல் சாரா, 1881-ல் கோவையை அடுத்த போத்தனூரில் பிறந்தவர். தாத்தா எட்வர்ட் வாலர் ஸ்டோனி, மதராஸ் ரயில்வேயில் தலைமைப் பொறியாளராக இருந்தவர். அப்பா ஜூலியஸ் டூரிங், மதராஸ் மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. டூரிங் 1912-ல் லண்டனில் பிறந்தார்.

அவர் இறப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1952-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். கேள்வி எளிமையானது. கரு தொடக்கத்தில் ஒரே மாதிரியான செல்களின் தொகுப்புதான். அதிலிருந்து புள்ளியும் வரியும் எப்படி வருகின்றன?

பரவல் என்றாலே எல்லாம் கலந்து சமமாவது என்றுதான் பொதுவாக நினைப்போம். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு மை விட்டால், சிறிது நேரத்தில் டம்ளர் முழுக்க ஒரே நிறமாகிவிடும். டூரிங் கணக்குப் போட்டுக் காட்டியது இதற்கு நேர்மாறானது. தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் ஒரு ரசாயனம், அதை அடக்கும் இன்னொரு ரசாயனம். அடக்குவது, பெருக்குவதைவிட வேகமாகப் பரவ வேண்டும். இந்த நிபந்தனை பொருந்தினால், பரவலே கோலம் போடும்.

சில்வர் பீச்சில் ஒரு சுண்டல் வண்டி

இது எப்படி நடக்கும் என்று புரிந்துகொள்ள, கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சைக் கற்பனை செய்துகொள்ளலாம். மாலை நேரம். கடை எதுவும் இல்லாத, நீளமான வெறும் மணல். எந்த இடமும் இன்னோர் இடத்தைவிட உசத்தி இல்லை.

ஒரு சுண்டல் வண்டி வருகிறது. சக்கரம் மணலில் சிக்கிக்கொள்கிறது. 'சரி, இங்கேயே நின்னுடலாம்' என்று வண்டிக்காரர் அடுப்பைப் பற்றவைக்கிறார். நாலு பேர் கூடுகிறார்கள். கூட்டத்தைப் பார்த்துப் பக்கத்திலேயே பஜ்ஜிக் கடை வருகிறது. அதைப் பார்த்து பலூன்காரர் வருகிறார். கூட்டம் கூட்டத்தைச் சேர்க்கிறது. இதுதான் 'தன்னைத்தானே பெருக்கும்' ரசாயனம்.

அதே நேரம், இருபுறமும் கொஞ்ச தூரத்துக்கு நடமாட்டம் குறைந்துவிடுகிறது. வந்தவர்கள் எல்லோரும் இங்கே இழுக்கப்பட்டுவிட்டார்களே! அந்த இடைவெளியில் கடை போட்டால் வியாபாரம் ஆகாது. இதுதான் 'தூரம் வரை பரவி அடக்கும்' ரசாயனம். அந்த இடைவெளியையும் தாண்டிப் போனால், இந்தக் கூட்டத்தின் இழுப்பு எட்டாத இடம் வரும். அங்கே இன்னொரு கடைக்கூட்டம் முளைக்கும்.

இப்படியே கடற்கரை முழுக்கக் கடைக்கூட்டம், இடைவெளி, கடைக்கூட்டம், இடைவெளி. யாரும் இடம் ஒதுக்கிக் கொடுக்கவில்லை. ஆனாலும் ஓர் ஒழுங்கு வந்துவிட்டது.

மறுநாள் எல்லாவற்றையும் கலைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினால் என்ன ஆகும்? இடைவெளியின் அளவு ஏறக்குறைய நேற்றைப் போலவே இருக்கும். ஏனென்றால், அதைத் தீர்மானிப்பது விதிமுறை. ஆனால், கடைகள் நேற்று இருந்த அதே இடத்தில் இருக்காது. ஏனென்றால், முதல் வண்டியின் சக்கரம் இன்று வேறு இடத்தில் சிக்கியிருக்கும்.

சத்தமே இல்லாத இரைச்சல்

சக்கரம் சிக்கிய அந்தச் சின்னத் தற்செயலுக்கு அறிவியலில் 'இரைச்சல்' என்று பெயர். காதில் விழும் சத்தம் அல்ல. முன்கூட்டிக் கணிக்க முடியாத சின்னச் சின்னத் தடுமாற்றங்கள். உடலின் செல்லுக்குள் இது எப்போதும் உண்டு. மூலக்கூறுகள் தாறுமாறாக முட்டி மோதித்தான் நகர்கின்றன. ஒரு ஜீன், குழாய்த் தண்ணீர்போல ஒரே சீராக வேலை செய்வதில்லை. விட்டுவிட்டு, திடீர் திடீரென்று இயங்குகிறது. அக்கம் பக்கத்தில் இருக்கும் இரண்டு செல்களில்கூட, ஒரு ரசாயனத்தின் எண்ணிக்கை அச்சு அசலாக ஒன்றாக இருக்காது.

இந்த இரைச்சல் இல்லாவிட்டால் கோலமே தொடங்காது என்பதை டூரிங் 1952-லேயே சொல்லிவிட்டார். கூர்முனையில் நிற்கவைத்த பென்சில் போலத்தான். எல்லாப் பக்கமும் துல்லியமாகச் சமமாக இருந்தால், அது நின்றுகொண்டேதான் இருக்க வேண்டும். லேசான காற்று பட்டால் விழும். எந்தப் பக்கம் விழுவது என்பதையும் அந்தக் காற்றுதான் முடிவு செய்கிறது.

டூரிங்கின் கணக்கு நெடுங்காலம் தாளில்தான் இருந்தது. 1990-ல் பிரான்ஸின் போர்தோ நகர ஆய்வாளர்கள், ரசாயனங்களை மட்டும் வைத்து அந்தப் புள்ளிகளைச் சோதனைக்கூடத்தில் உருவாக்கிக் காட்டினார்கள். 1995-ல் ஜப்பானின் ஷிகெரு கோண்டோவும் ரிஹிடோ அசாயும் ஏஞ்சல் மீனின் உடல் வரிகளைக் கவனித்தார்கள். மீன் வளர வளர, வரிகள் டூரிங்கின் கணக்குப்படியே நகர்வதைக் கண்டார்கள்.

இரண்டு ஸ்கேன்களுக்கு நடுவே

விரல் ரேகைக்கான விடை 2023-ல் வந்தது. ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் டெனிஸ் ஹெடன் தலைமையிலான குழு வெளியிட்ட ஆய்வு அது.

கர்ப்பிணிகளுக்கு 11 முதல் 14 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன் எடுப்பார்கள். பிறகு 20-வது வாரவாக்கில் இன்னொரு ஸ்கேன். இந்த இரண்டுக்கும் நடுவேதான் குழந்தையின் விரலில் ரேகை எழுதப்படுகிறது. சுமார் 13-வது வாரத்தில், குழந்தை ஒரு விரல் நீளமே இருக்கும்போது, வரிகள் தோன்றத் தொடங்குகின்றன.

அந்த நேரத்தில் விரல் நுனித் தோலில், வரியை வளர்க்கச் சொல்லும் 'வின்ட்' என்ற சமிக்ஞையும், அதை அடக்கும் 'பி.எம்.பி.' என்ற சமிக்ஞையும் எதிரும் புதிருமாக வேலை செய்கின்றன. வளர்க்கும் சமிக்ஞை ஜெயிக்கும் இடத்தில் மேடு. அடக்கும் சமிக்ஞை ஜெயிக்கும் இடத்தில் பள்ளம். சுண்டல் கடையும் இடைவெளியும் மாறி மாறி வந்த அதே கதை.

வரிகள் விரல் முழுக்க ஒரே சமயத்தில் வருவதில்லை. விரல் நுனியின் உப்பிய நடுப்பகுதி, நகத்தின் ஓரம், விரல் மடியும் இடம் என மூன்று இடங்களில் தொடங்கி, குளத்தில் கல் போட்டால் எழும் அலைபோலப் பரவுகின்றன. எந்த அலை முந்துகிறது, எங்கே மோதுகிறது என்பதைப் பொறுத்துச் சுழியோ, வளைவோ, வில்லோ அமைகிறது. விரல் நுனியின் உப்பல் எவ்வளவு உயரம் என்பதில் ஜீனுக்குப் பங்கு உண்டு. அதனால்தான் சில குடும்பங்களில் சுழி அதிகம் தெரியும்.

ஆனால், ஒரு வரி இந்த இடத்தில் முடிய வேண்டும், அந்த இடத்தில் கிளை பிரிய வேண்டும் என்று எந்த ஜீனிலும் எழுதிவைக்கப்படவில்லை. இரண்டு அலைகள் சரியாகப் பொருந்தாத இடத்தில், ஒரு செல் கொஞ்சம் முந்திக்கொண்ட இடத்தில், தற்செயலாக அது அமைந்துவிடுகிறது. ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறக்கும் இரட்டையர்களுக்கும் ரேகை வேறுபடுவது இதனால்தான். அவர்களுக்கு ரேகையின் வகை ஒத்திருக்க வாய்ப்பு அதிகம். நுணுக்கங்கள் ஒத்திருப்பதில்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. உலகில் சில குடும்பங்களில், ஒரு ஜீனில் உள்ள மாற்றத்தால் ரேகையே இல்லாமல் பிறக்கிறார்கள். இஸ்ரேலிய மருத்துவர்கள் குழு 2011-ல் அந்த ஜீனைக் கண்டுபிடித்தது. ஆக, விதிமுறையைத் தருவது ஜீன். அதை வைத்து ஒவ்வொரு விரலிலும் வெவ்வேறு படம் வரைவது இரைச்சல். ஒன்று இல்லாமல் இன்னொன்று இல்லை.

இரைச்சல் கோலத்தைக் கெடுக்காதா?

கெடுக்கும், அளவு மிஞ்சினால். காற்று பலமாக அடிக்கும் நாளில் வாசலில் கோலம் நிற்காது. இரைச்சல் மிக அதிகமானால், வரிகள் குழம்பி ஒன்றோடொன்று கலந்துவிடும்.

ஆனால், ஆய்வாளர்களுக்கே ஆச்சர்யம் தந்த விஷயம் ஒன்று இருக்கிறது. இரைச்சலைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால் கோலமே வரக் கூடாத இடத்தில், இரைச்சலால் கோலம் வருகிறது. அமெரிக்க ஆய்வாளர்கள் 2018-ல் இதைப் பாக்டீரியாவில் நிரூபித்தார்கள். இரண்டு சமிக்ஞைகளைச் சுரக்கும்படி மாற்றியமைத்த பாக்டீரியாக்களைப் பரப்பி வளர்த்தபோது, ஒழுங்கற்ற புள்ளிக் கூட்டங்கள் தோன்றின. டூரிங்கின் நிபந்தனை அங்கே முழுமையாகப் பொருந்தவில்லை. செல்லுக்குள் இருக்கும் இரைச்சலையும் சேர்த்துக் கணக்குப் போட்டபோதுதான் விடை கிடைத்தது.

இப்படி அமையும் கோலம், பாத்ரூம் டைல்ஸ் போலக் கச்சிதமாக இருக்காது. அங்கங்கே உடைந்தும் பிரிந்தும் இருக்கும். விரல் ரேகையில் அந்த 'உடைசல்'தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம் காட்டுகிறது. ஆதார் முறையில் கைரேகை பார்க்கும் கருவி சரிபார்ப்பதும் அதைத்தான். வரி முடியும் இடம், வரி பிரியும் இடம். எல்லோருக்கும் வரிகள் குற்றம் குறையில்லாமல் அமைந்திருந்தால், கைநாட்டுக்கு மதிப்பே இருந்திருக்காது.

இதை அடையாளமாகப் பயன்படுத்துவதில் இந்தியாவுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1858-ல் வங்காளத்தில் பணியாற்றிய வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, ஒப்பந்தத்தில் ஒருவரின் கைப்பதிவை வாங்கினார். 1897-ல் கல்கத்தாவில் கைரேகைப் பதிவகம் தொடங்கியது. ரேகைகளை வகைபிரிக்கும் முறைக்கு அங்கே உழைத்தவர்கள் அஜீஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்கள். அந்த முறைக்கு நிலைத்த பெயர் என்னவோ, அவர்களுடைய மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியுடையது.

பண்ருட்டியின் தேய்ந்த விரல்கள்

தற்செயல் ஒருமுறைதான் எழுதும். அதன் பிறகு அந்த ரேகையைத் தேய்ப்பது வாழ்க்கை.

கடலூர் மாவட்டம் பண்ருட்டி என்றால் பலாவும் முந்திரியும். முந்திரிக்கொட்டையின் ஓட்டுக்குள் பிசுபிசுப்பான எண்ணெய் ஒன்று இருக்கிறது. தோலில் பட்டால் எரியும், கறுக்கும், புண்ணாகும். கொட்டையை உடைத்துப் பருப்பு எடுக்கும் வேலையைப் பெரும்பாலும் செய்வது பெண்கள். கையில் சாம்பலோ எண்ணெயோ தடவிக்கொண்டாலும், வருடக்கணக்கில் செய்யும்போது விரல் நுனித் தோல் உரிந்து வழவழப்பாகிவிடும். கையுறை போட்டால் கை வேகம் குறையும். கிலோ கணக்கில் கூலி கிடைக்கும் இடத்தில் வேகம்தான் காசு.

முந்திரி மட்டுமல்ல. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஐஸிலும் உப்புத் தண்ணீரிலும் ஊறும் கைகள், சிதம்பரம் சுற்றுவட்டார வயலில் நாற்று நடும் கைகள், சிமென்ட் கலவை அள்ளும் சித்தாள் கைகள் என எல்லாவற்றுக்கும் இதே கதி. வயதானால் தோல் மெலிந்து, உலர்ந்து, மேடு தாழ்ந்துவிடும்.

தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் கைரேகை வைத்துப் பொருள் வாங்கும் முறை 2020 அக்டோபரில் தொடங்கியது. அதன் பிறகு வரிசையில் நின்ற எவருக்கும் இந்தப் பேச்சு புதிதல்ல.

"ஆயா, கையத் தொடச்சிட்டு வைங்க."

"வெச்சிட்டேன்பா."

"எடுக்கலையே... அடுத்த விரல வைங்க."

ஈரம், எண்ணெய், தூசி, வறண்ட தோல் என எல்லாமே கருவிக்கு இரைச்சல்தான். வயிற்றில் இருந்தபோது ரேகையை வரைந்தது ஒரு இரைச்சல். அதைப் படிக்கவிடாமல் மறிப்பது இன்னொரு இரைச்சல். முதலாவது எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைத்தது. இரண்டாவது அப்படி அல்ல. ஏசி அறையில் கீபோர்டு தட்டும் விரலை அது அதிகம் தொடுவதில்லை. முந்திரி உடைக்கும் விரலையும் சாந்து அள்ளும் விரலையும்தான் தேடி வருகிறது.

ரேகை அழிந்தே போய்விடுமா?

பெரும்பாலும் இல்லை. ரேகையின் வேர் தோலின் மேல்பரப்பில் இல்லை. மேல்தோலும் உள்தோலும் சேரும் இடத்தில் இருக்கிறது. மேல்தோல் தேய்ந்தாலும், வேலைக்குச் சில வாரங்கள் ஓய்வு கிடைத்தால் அதே ரேகை, அதே கிளைகளுடன் திரும்ப வந்துவிடும். ஆழமான தீக்காயமோ வெட்டுக்காயமோ பட்டால்தான் நிரந்தர வடு. சிக்கல் என்னவென்றால், தினக்கூலிக்குப் போகிறவர்களுக்கு அந்தச் சில வார ஓய்வு கிடைப்பதில்லை.

அதனால், வீட்டில் இப்படிப்பட்ட கைகள் இருந்தால் சில விஷயங்களைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. கட்டைவிரல்தான் வைக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பத்து விரலும் பத்து விதம் என்பதால், ஒன்று தேய்ந்தாலும் இன்னொன்று பதியலாம். அதிகம் உழைக்காத கையின் மோதிர விரலை வைத்துப் பார்க்கலாம். கை வறண்டிருந்தால் லேசாக ஈரத்துணியில் துடைத்துவிட்டு வைக்கலாம். ஈரமாக இருந்தால் நன்றாக உலர்த்திவிட்டு வைக்கலாம். கருவிழி சரிபார்க்கும் கருவி இருக்கும் கடையில் அதைக் கேட்கலாம். கார்டில் பெயர் உள்ள குடும்பத்தினர் வேறு யாராவது போய் ரேகை வைக்கலாம். குழந்தைகளுக்கு 5 வயதிலும் 15 வயதிலும் ஆதார் பயோமெட்ரிக் புதுப்பிப்பு கட்டாயம் என்பதையும் மறக்க வேண்டாம்.

முக்கியமானது இதுதான். கைரேகை பதியவில்லை என்ற ஒரே காரணத்துக்காக, தகுதியுள்ள ஒருவருக்கு ரேஷன் பொருளை மறுக்கக் கூடாது என்று மத்திய உணவுத் துறை 2017 அக்டோபர் 24-ம் தேதியே மாநிலங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. 'மெஷின் எடுக்கலை, போயிட்டு வாங்க' என்பது பதில் ஆகாது. வேறு வழி என்ன என்று கேட்பது சலுகை அல்ல, உரிமை.

2025 ஆகஸ்டில் தொடங்கிய முதல்வரின் தாயுமானவர் திட்டம், முதியவர்கள், மாற்றுத்திறனாளிகளின் வீட்டு வாசலுக்கே ரேஷன் பொருளைக் கொண்டுபோகிறது. நல்ல விஷயம்தான். ஆனால், முந்திரி உடைக்கும் நாற்பது வயதுப் பெண்ணுக்கு வயதும் ஆகவில்லை; ரேகையும் பதியவில்லை. அவருக்குக் கடையிலேயே, அன்றைக்கே ஒரு மாற்று வழி இருந்தாக வேண்டும்.

உலகில் இன்னொருவருக்கு இல்லாத ஒரு கோலத்தைத் தற்செயல் ஒவ்வொரு விரலிலும் இலவசமாக வரைந்து கொடுத்திருக்கிறது. ஒருவரை அடையாளம் காண அதைவிட நல்ல குறி கிடைப்பது கடினம். ஆனால், குறி என்பது ஆளுக்காக. விரல் தேயும் அளவுக்கு உழைத்தவர், அந்த உழைப்பாலேயே அரிசியில்லாமல் வீடு திரும்பக் கூடாது.